ஊர் விலக்கில் தொங்கிய முகம்

என் தம்பி வலது கையில் பட்டையாக ஒரு மோதிரம் போட்டிருப்பான். அதன் மேல் சிங்க முகம். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டான், கோழி உரிக்கும்போதும் கழற்ற மாட்டான். அந்த மோதிரம்தான் என் மகளின் மேலுதட்டைக் கிழித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்படியில் கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தேன். அவள் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. வெங்காயத் தட்டுக்குப் பக்கத்திலேயே அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். பின்னாலேயே என் வீட்டுக்காரர். இரண்டு பேர் முகமும் சரியில்லை.

“இது என்னாடி?” என்று போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. புறங்கையால் அடித்தான். வெங்காயத் தட்டில் ரத்தம் சொட்டியது. அவள் அழவில்லை. உதட்டைத் தொட்டு, விரலைப் பார்த்து, எதற்கு என்பது போல் என்னைப் பார்த்தாள். அதற்குள் காதோடு சேர்த்து இன்னொன்று வைத்தான்.

என் கையில் மசாலாக் கரண்டி இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. கொதிக்கிற எண்ணெய் வடிய அந்தக் கரண்டியால் அவன் தோளில் ஓங்கிப் போட்டேன். அவன் “யக்கா” என்று அலறிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். கரண்டியின் கழுத்து கோணிக்கொண்டது. அதை நான் இன்று வரை நிமிர்த்தவில்லை, அப்படியே வைத்துத்தான் குழம்பு ஊற்றுகிறேன்.

ஆனால் என் வீட்டுக்காரரை என்னால் தடுக்க முடியவில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். குட்டியானை வண்டியில் மாட்டுத்தாவணிக்குக் காய்கறி லோடு அடிக்கிறவர், சந்தையில் அவரை ஊமை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊமை அன்றைக்குச் சுவரில் தொங்கிய சார்ஜர் ஒயரைப் பிடுங்கி, மடக்கி, பிள்ளையின் முதுகில் விளாசினார். நான் குறுக்கே விழுந்தேன். என் முழங்கையிலும் பட்டது. அந்தத் தடம் பச்சை குத்தின மாதிரி கொஞ்ச நாள் இருந்தது.

“நான் போடலப்பா. எனக்கு அக்கவுண்டே இல்லப்பா” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. தம்பி அவளுடைய போனைத் தேடி எடுத்தான். பாடத்துக்காக வாங்கிக் கொடுத்த பழைய போன், கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு கீறல். அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அம்மிக்கல்லில் வைத்து, குழவியைத் தூக்கி இடித்துப் பொடியாக்கினான். கண்ணாடிச் சில் தெறித்து அவன் கன்னத்திலேயே கீறியது. அது மட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“நாளையில இருந்து பள்ளிக்கூடம் கிடையாது” என்றான், குழவியைக் கீழே போட்டுவிட்டு. “படிச்சுக் கிழிச்சது போதும். மச்சான், என்னா சொல்றீங்க?”

என் வீட்டுக்காரர் ஒயரைக் கையில் பிடித்தபடியே தலையாட்டினார்.

அப்படித் தம்பி நீட்டிய போனில் என்னதான் இருந்தது என்பதை எல்லாரும் அடித்து ஓய்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். ஒரு ரீல்ஸ். என் மகளின் முகம். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, தலை நிறைய மல்லிகைப் பூ. முகம் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பின்னால் ஒரு காதல் பாட்டு. மேலேயிருந்து இதயம் இதயமாக உதிர்கிறது. கீழே ‘நீ என் உயிர்’ என்று எழுதியிருந்தது. யாரோ அதை எங்கள் பங்காளிகள் குரூப்பில் போட்டு, ‘இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியுதா’ என்று கேட்டிருந்தார்கள். கேட்டவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வீடு எங்கள் தெருவிலேயேதான் இருக்கிறது.

தம்பி இப்படிக் குதிப்பதற்கு அவனுக்கு உரிமை இருப்பதாக எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். அவன் தாய்மாமன். அலங்காநல்லூர்ப் பக்கம் தாய்மாமன் இல்லாமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்த முடியாது, பெரியவளானால் தண்ணீர் ஊற்ற முடியாது. அதற்கு முந்தின கோடை விடுமுறையில் என் மகளுக்குச் சடங்கு வைத்தபோது டிராக்டரில் சீர் கொண்டுவந்து, மேளம் வைத்து, ஊரைக் கிறுகிறுக்க வைத்தவன் அவன்தான். அதற்காகவே பிறந்தவன் போல ஒரு வாரம் அலைந்தான். பாசம் இல்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாசம் அடிக்கிற கையில்தான் இருக்கிறது, அதுதான் தொல்லை.

சீர் வைத்ததோடு நிற்கவில்லை. மெயின் ரோட்டில் இருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு பிளக்ஸ் போர்டு வைத்தான். வீட்டுச் சுவர் உயரத்துக்கு நடுவில் என் மகளின் முகம். வலது ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி இவன். கீழே பட்டாணிக் கடலை அளவுக்கு வரிசையாகப் பங்காளிகளின் முகங்கள். ‘பூப்புனித நீராட்டு விழா, வருக வருக’ என்று எழுத்து. கம்பு நட்டு, கட்டுக்கம்பி முறுக்கி, ஆட்களோடு நின்று அவனே தூக்கி நிறுத்தினான். எங்கள் ஊரில் போர்டைக் கழற்றுகிற பழக்கம் கிடையாது. காற்றில் கிழிகிற வரை நிற்கும். கிழிந்த பிறகு யாராவது எடுத்துப்போய் வைக்கோல் படப்புக்கு மூடுவார்கள். இது கிழியவே இல்லை. விசேஷம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்து, அரைப் பரீட்சை வருகிற வரைக்கும் என் மகள் அங்கேயே சிரித்துக்கொண்டு நின்றாள். தினமும் அதன் அடியில் நின்றுதான் அவளும் பஸ் ஏறினாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடி விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளும் போனும் என்று பேச ஒரு பெண் போலீஸ் வந்திருந்தார். பிள்ளைகளின் போட்டோவை ஊருக்கே தெரிகிற மாதிரி போடாதீர்கள், யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் முகத்தை வைக்காதீர்கள், அவர்களை மிரட்டாமல் உட்கார வைத்துப் பேசுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். வீட்டுக்காரர் லோடுக்குப் போய்விட்டதால் என்னோடு தம்பி வந்திருந்தான். எழுந்து நின்று, “பொம்பளப் பிள்ளைக்குப் போனே குடுக்கக் கூடாது மேடம், அம்புட்டுத்தான்” என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாக்கள் கைதட்டினார்கள். அந்த அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அன்று அவன் வண்டியில் நாங்கள் வீடு திரும்பியபோதும் விலக்கில் அந்த போர்டு நின்றது.

திங்கட்கிழமை காலையில் அவள் யூனிபார்ம் போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் நான் கூட்டிப்போய்த் தையல் போட்டுவந்த உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. அவள் அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லோடுக்குப் போகவில்லை. பிள்ளையைக் காவல் காக்கிறாராம். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளையை ஆட்டுக்குட்டியைப் போல அடைத்து வைத்திருந்தார்கள். எப்படியாவது அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அன்று லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு பின்கட்டு வெளிச்சத்துக்குப் போனேன். அந்த ரீல்ஸைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். தினமும் அரிசியில் கல் பொறுக்குகிற கண் எனக்கு. முகம் பெரிதாகி வருகிறபோது அவள் இடது காதுக்குப் பக்கத்தில் அரை நிலா மாதிரி ஒரு கோடு தெரிந்தது. முதலில் தோடு என்று நினைத்தேன். தோடு அதற்குக் கீழே தனியாகத் தொங்கியது. விரலால் தொட்டு நிறுத்திப் பார்த்தேன். அது ஒரு கிழிசல். கிழிசலின் வழியாகப் பின்னால் வேப்பிலை தெரிந்தது.

போர்டு தூக்குகிற அன்று தம்பி பிளேடால் அங்கங்கே அரைவட்டமாகக் கிழித்தது எனக்கு ஞாபகம் வந்தது. காற்று உள்ளே புகுந்து வெளியே போவதற்காக அப்படிக் கிழிப்பார்கள், இல்லையென்றால் ஒரே காற்றில் கம்போடு சாய்ந்துவிடும். “பிள்ளை காதுக்கிட்ட கிழிக்காதடா” என்று நான் கீழே நின்று சொன்னேன். “ஒண்ணும் தெரியாதுக்கா” என்றான். தன் மூஞ்சிப் பக்கம் மட்டும் அவன் பிளேடைக் கொண்டுபோகவே இல்லை.

நான் அவர் முன்னால் போய் நின்று, “வண்டிய எடுங்க” என்றேன்.

“எங்கிட்டு?”

“எடுங்கன்னா எடுங்க.”

என் குரலைக் கேட்டு எடுத்துவிட்டார். விலக்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி, போனை போர்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அதே சிரிப்பு. காதுப் பக்கத்தில் அதே அரை நிலா. அதற்குப் பின்னால் அதே வேப்ப மரம். அவர் போனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். அப்புறம் ரோட்டோரப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, ஒயர் பிடித்த கையை மற்றொரு கையால் அழுத்திக்கொண்டார்.

“அவ போடல. நாமதான் போட்டோம். ரோட்டுல, நடு வெயில்ல” என்றேன்.

அவர் அந்த விஷயத்தைத் தம்பிக்குச் சொன்னார். பிள்ளை மேல் தப்பில்லை என்று கேட்டால் மனிதன் என்ன செய்ய வேண்டும்? வந்து பிள்ளை முன்னால் நிற்க வேண்டும். இவன் அதைச் செய்யவில்லை. “அப்ப எவன் எடுத்தான்?” என்று கேட்டான். அடிப்பதற்கு வேறொரு முகம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த அக்கவுண்ட் யாருடையது என்று அவன் கூட்டாளிகள் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கிற பையன். வேறு பள்ளிக்கூடம், வேறு நேரத்து பஸ் என்றாலும் எங்கள் விலக்கில்தான் தினமும் ஏறுவான். அவன் எந்தத் தெரு என்று தெரிந்ததும் தம்பியின் குரலே மாறிப்போனது. அது வரைக்கும் ‘பையன்’ என்றவன், அதற்கப்புறம் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன். எங்கள் மேலத்தெருப் பையன் ஒருவன் செய்திருந்தால் கூப்பிட்டு இரண்டு அறை விட்டு அனுப்பியிருப்பான். இது அப்படி முடியாது என்று எனக்கு அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பள்ளிக்கூட பஸ் வருகிற நேரத்தில் நான் விலக்குக்கு ஓடினேன். அதற்குள் ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பையனைப் போர்டுக் கம்பில் சாய்த்து வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி முழங்காலால் அவன் வயிற்றில் ஏற்றினான். பையன் மடங்கி விழுந்தான். விழுந்தவனின் கையை ஒருத்தன் செருப்புக் காலோடு மிதித்தான், விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மேலே என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம்பிடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

நான் பையன் மேல் போய் விழுந்தேன். தம்பி என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன். மோதிரம் பல்லில் இடித்தது. ரத்தத்தின் உப்பு நாக்கில் தெரிகிற வரைக்கும் நான் விடவில்லை. கடைசியில் அவன்தான் கையை உதறிவிட்டு, “பைத்தியம் பிடிச்சிருச்சு இவளுக்கு” என்று சொல்லிக்கொண்டு விலகினான்.

பையனுக்கு முன்பல் ஒன்று போயிருந்தது. இடது கை தொங்கியது. நான் கேட்காமலேயே பேசினான். “பஸ்ஸுக்கு நின்னேன்க்கா. போர்டப் பாத்தேன். பாட்டுக்கு ஒரு போட்டோ வேணும்னு எடுத்தேன். அது யாருன்னுகூட எனக்குத் தெரியாதுக்கா.”

யாரென்று தெரியாத பிள்ளையின் முகத்தை எடுத்துக் காதல் பாட்டு போடலாம் என்று நினைத்ததற்கு அவனுக்கும் ஒரு அறை விட வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது. ஆனால் அறைவதற்கு அவன் முகத்தில் இடம் இல்லை. என் வீட்டுக்காரர் வண்டியைக் கொண்டுவந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். காய்கறிச் சாக்குகளை விரித்து அவனைப் படுக்க வைத்து மதுரைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவன் அம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். செங்கல் சூளையில் இருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள், கையெல்லாம் செம்மண். “கேஸ் குடுங்க. நான் சாட்சி சொல்றேன். என் தம்பிதான் அடிச்சான்” என்றேன். அவள் கைச் செம்மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

“நாங்க அந்த வெலக்குலதாங்க பஸ்ஸு ஏறணும்” என்றாள்.

கடைசியில் பெரிய மனிதர்கள் கூடி, மருத்துவச் செலவைத் தம்பி ஏற்றுக்கொள்வது என்று பேசி முடித்துவிட்டார்கள். அந்த முடிவை நான் இன்று வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, பையனையும் அடித்தாகிவிட்டது, பிள்ளை மேல் தப்பில்லை என்றும் தெரிந்துவிட்டது. இனிமேலாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னபோது தம்பி சிரித்தான்.

“யக்கா, ஊரு பூராப் பாத்துட்டாய்ங்க. இனி அவ யூனிபார்ம மாட்டிக்கிட்டுப் போய் நின்னா, அந்தா அந்தப் பிள்ளைன்னு காட்டுவாய்ங்க. எனக்குத்தான கேவலம்?”

“ஊரு பூராப் பாக்கணும்னுதானடா போர்டு வச்ச?”

“அது வேற, இது வேற.”

எப்படி வேறு என்று கேட்டால் குரலை உயர்த்தினான். என் வீட்டுக்காரர் அவன் பக்கமும் நிற்காமல் என் பக்கமும் நிற்காமல் மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டார்.

அன்று என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் போனைக் கொடுத்து, “இத எப்படி அழிக்கிறது? எனக்குச் சொல்லிக் குடு” என்றேன். வாயைத் திறந்தால் உதட்டுத் தையல் இழுக்கிறது. விரலால் காட்டினாள். முதலில் எனக்கு ஒரு அக்கவுண்ட் தொடங்கினாள். என் போட்டோவைப் போட வேண்டாம் என்று தலையாட்டி, ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டாள். அந்த ரீல்ஸைத் தேடி எடுத்தாள். ஓரத்தில் மூன்று புள்ளி. அதைத் தொட்டால் புகார் என்று வருகிறது. எதற்காக என்று கேட்கிறது. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அனுமதி இல்லாமல் என் பிள்ளையின் படம் என்பது எங்கே வரும் என்று கேட்டேன், அவள் காட்டிய இடத்தில் தொட்டேன். யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் மிதிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த ரீல்ஸ் அங்கே இல்லை. பெண் போலீஸ் சொன்ன ‘உட்கார வைத்துப் பேசுங்கள்’ என்பது இதுதான் போல. ஆனால் எங்கள் வீட்டில் யார் யாரை உட்கார வைத்தது என்றுதான் தெரியவில்லை.

அப்படித் தேடும்போது தம்பியின் அக்கவுண்டும் கண்ணில் பட்டது. போனே கூடாது என்று மேடத்திடம் முழங்கியவன் பக்கம் பக்கமாக ரீல்ஸ் போட்டு வைத்திருந்தான். வயல் வரப்பில் நடக்கிறான், அரிவாளைத் தோளில் சாய்த்துத் திரும்பிப் பார்க்கிறான், மாட்டுக்குப் பக்கத்தில் மீசையை முறுக்குகிறான். நடுவில் போர்டு தூக்குகிற வீடியோ. மேளத்தோடு என் மகளின் முகம் மேலே எழும்புகிறது. அவள் முகத்தை முதலில் போட்டது அவன்தான். அதையும் மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் செய்தேன். அதுவும் போனது. எனக்குக் கொஞ்சம் கை ருசி கண்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

“ரீல்ஸ் போயிருச்சுல்ல. நாளைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பு. எவன் தடுக்கிறான்னு நான் பாக்குறேன்” என்றேன்.

அவள் தலையாட்டவில்லை. “போர்டு இருக்குல்லம்மா” என்றாள். “அதுக்கு அடியில என்னால போய் நிக்க முடியாது.”

தம்பிக்கு ஆள் அனுப்பி, கழற்றச் சொன்னேன். முடியாது என்று சொல்லி அனுப்பினான். இந்த நேரத்தில் கழற்றினால் தப்பு செய்தவன் மாதிரி ஆகிவிடுமாம். அவன் வைத்த போர்டு, கிழிகிற வரைக்கும் நிற்குமாம். கை வைக்கிறவன் கை இருக்காதாம்.

மறுநாள் காலையில் நான் பண்ணருவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் குட்டியானை உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். என் மகள் பையோடு, யூனிபார்மோடு, நடுவில் ஏறி உட்கார்ந்தாள். அவள் தோள் தன் மேல் படும்போதெல்லாம் அவர் கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்தார். அடித்த கைக்கு அவ்வளவு பயம்.

விலக்கில் வண்டியைப் பின்னால் எடுத்து, போர்டுக்கு நேர் கீழே நிறுத்தினார். காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் அப்படியே பார்த்தது. நான் வண்டியின் சரக்குத் தொட்டியில் ஏறி, அங்கிருந்து கேபின் மேல் ஏறினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேல் கட்டுக்கம்பியில் அரிவாளை வைத்தேன்.

“அம்மா” என்று கீழேயிருந்து கூப்பிட்டாள். “முழுசா வேணாம். என் மூஞ்சிய மட்டும் வெட்டுங்க. மாமா இருக்கட்டும்.”

நான் அவளைக் குனிந்து பார்த்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காதுப் பக்கத்து அரை நிலாவில் அரிவாள் நுனியை விட்டேன். தம்பி எனக்கு வேலையைச் சுலபமாக்கி வைத்திருந்தான். அங்கிருந்து கன்னம், தாடை, மறு கன்னம், நெற்றிச்சுட்டி என்று சுற்றி அறுத்தேன். என் பிள்ளையின் கழுத்தில் அரிவாள் போகிறபோது, வெறும் பிளாஸ்டிக்தான் என்று தெரிந்தும், மெதுவாகத்தான் அறுத்தேன். முகம் சரிந்து தொட்டிக்குள் விழுந்தது. அவர் இறங்கி வந்து அதைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைத்தார். பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நிமிர்ந்து, அந்த ஓட்டையைப் பார்த்தாள். உதடு வலித்திருக்கும், இருந்தாலும் சிரித்தாள்.

தம்பி அன்றைக்கே அரிவாளோடு எங்கள் வாசலுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் வாசல் நடுவில் நின்றார். “மாப்ள, வீட்டுக்குள்ள கால வச்சா கால் இருக்காது” என்றார். ஊமை பேசினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எங்கள் தெரு கேட்டது. தம்பி எங்கள் வாசல் வேப்ப மரத்தில் ஒரு வெட்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கையில் எல்லாம் போன் இருக்கிறதே. நடுவில் பெரிய ஓட்டை, ஓட்டை வழியாக வேப்ப மரம், பக்கத்தில் கூலிங்கிளாஸோடு கும்பிட்டுச் சிரிக்கிற என் தம்பி, மேலே ‘வருக வருக’. யாரோ அதைப் படம் எடுத்து, அவன் முகத்தை மட்டும் மெல்லப் பெரிதாக்கி, காமெடிச் சத்தம் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். மேலூர் வரைக்கும் பரவிவிட்டது. சந்தையில் இவனைப் பார்த்தாலே வருக வருக என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவன் வந்தான். செருப்பை வெளியிலேயே கழற்றிப் போட்டிருந்தான். நான் கடித்த தடம் கையில் இன்னும் கறுப்பாக இருந்தது. என்னைப் பார்க்காமல், படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் போனை நீட்டினான்.

“தாயி, இத எப்படி அழிக்கிறதுன்னு உனக்குத் தெரியும்னாங்க.”

அதே கை, அதே மோதிரம், நீட்டின விதமும் அதேதான். அவள் ஒரு கணம் பின்னால் சாய்ந்தாள். பிறகு போனை வாங்கி, ரீல்ஸை முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தாள்.

“மாமா, நீங்களாத்தான் இதப் போட்டீங்கன்னு யாராச்சும் உங்கள அடிச்சாங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேலுதட்டில் தையல் போட்ட இடம் வெள்ளையாக இழுத்துக்கொண்டு நின்றது. அவன் அதைப் பார்த்தான். மோதிரத்தை உருட்டிக்கொண்டு நின்றான். அவள் அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து, மூன்று புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

என் வீட்டுக்கு வந்து அவன் காப்பி குடிக்காமல் போனது கிடையாது. அன்றைக்கு நான் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.